இரண்டு பக்கமும் அம்பு

1

எடுத்த எடுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, என் தங்கையுடையது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டே அவள்தான் சொன்னாள். சொல்லும்போதே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், சிரித்தபடியே எந்த இடத்தில் எதை வைக்கலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய கையோடு நான் மேசையில் உட்கார்ந்துவிட்டேன். கதை எழுதுகிறவளுக்குத் தங்கையாகப் பிறந்தால் இந்தத் தொல்லை உண்டுதான்.

அவளுக்குப் பலகை செய்யும் நிறுவனத்தில் வேலை. கடைப் பெயர்ப்பலகை இல்லை. பெரிய கட்டடங்களுக்குள் போனால் 'கழிப்பறை', 'பணம் செலுத்துமிடம்', 'வெளியே செல்லும் வழி' என்று அம்புக்குறியோடு தலைக்கு மேலே தொங்குமே, அந்தப் பலகைகள். முறையாகச் சொன்னால் வழிகாட்டிப் பலகை. தொழிலில் இருப்பவர்களுக்கு அவ்வளவு நீளமாகச் சொல்ல நேரம் இல்லாததால் வெறும் 'வழிகாட்டி'. "கல்லூரி வழிகாட்டி வெட்டியாச்சா?", "அந்த வழிகாட்டியில ஒரு மூலை உடைஞ்சிருக்கு" என்றுதான் அங்கே பேச்சு ஓடும்.

அந்த நிறுவனத்து முதலாளி ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, போன ஆள் வேறு வந்த ஆள் வேறு என்று திரும்பி வந்தார். மறுநாளே அறிவிப்பு ஒட்டினார்: "இனி புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி வழங்கப்படும்."

பட்டறையில் வெல்டிங் செய்பவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு நேராக முதலாளி அறைக்குப் போனாராம்.

"ஆளுக்கு ஒண்ணா சார்? என்ன சைஸ்? தொங்கவிடறதா, செவுத்துல அடிக்கிறதா?"

"பலகை இல்லப்பா. மனுஷன். பழைய ஆளு ஒருத்தர் புது ஆளு ஒருத்தருக்கு வழிகாட்டியா இருக்கணும்."

வெல்டர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கம்பி வேண்டாம்ல?"

இப்படித்தான் என் தங்கை வழிகாட்டி ஆனாள்.

2

முதல் வரி என்றாலே எனக்குத் தகராறுதான். இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதியது இது:

"வாழ்க்கைப் பாதையில் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி தேவைப்படுகிறார். அவர் ஏற்றி வைக்கும் ஒளியில்தான் நாம்—"

[நிறுத்திவிட்டேன். இதைப் பள்ளி ஆண்டுவிழாவில் யாராவது மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசட்டும்.]

அடுத்தது:

"ஐம்பதை நெருங்கும் வயதில், பழைய கைப்பையை மார்போடு அணைத்தபடி, கூனிக் குறுகி அந்த அலுவலக வாசலில் வந்து நின்றார் அவர். அவருடைய கண்களில்—"

இதுவரை எழுதி, கண்களில் என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது தங்கை மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க வந்தாள். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அடுத்தவர் எழுதுவதை எட்டிப் பார்க்கக் கூடாது என்கிற நாகரிகம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

"யாரு இது?"

"உன் மெத்தைக்காரர்."

"அவரு எதுக்குக் கூனிக் குறுகணும்? ஆளு நிலைப்படி உயரம். குனிஞ்சு உள்ள வருவாரு, அது நிஜம். அது நெத்தி இடிக்காம இருக்க."

"படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வர வேண்டாமாடி?"

"அவரு மேலயா? உன்னை மாதிரி ஆளைப் பத்து நிமிஷத்துல மெத்தை வாங்க வச்சு, தலகாணியும் சேத்துத் தலையில கட்டி அனுப்புவாரு. இரக்கமாம்."

சரி, கூனல் போயிற்று. கைப்பையையும் எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: உயரமான, சவரம் செய்த, சட்டை மடிப்புக் கலையாத ஒரு மனிதர். வாலிப வயதிலிருந்து மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். கடை இருந்த கட்டடம் கைமாறியது, கடை மூடப்பட்டது. அந்த வயதில் எவன் வேலை தருவான் என்று எல்லாரும் உதட்டைப் பிதுக்கியபோது, கணினியில் படம் வரையக் கற்றுக்கொண்டு இந்தப் பலகை நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தவர். சோதனைக் காலம் முடிந்து நிரந்தரம் ஆக்கினால் பிழைத்தார். ஆக்காவிட்டால் அவருக்கு வேறு வாசல் இல்லை, அது அவருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும்.

அவருக்குத்தான் முப்பத்திரண்டு வயதான என் தங்கை வழிகாட்டி. அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கறார்'. அவள் கேட்க நேர்ந்தால் 'கறார் மேடம்'. அவள் கையில் ஒரு பலகை தப்பாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. வயதில் பெரியவர் என்பதால் இவள் அவரை 'சார்' என்பாள். வழிகாட்டி என்பதால் அவர் இவளை 'மேடம்' என்பார். யாருக்கு யார் வழிகாட்டி என்று தெரியாமல் டீ கொண்டுவருகிறவர் முதல் கோப்பையை யாரிடம் நீட்டுவது என்று தினமும் திணறுவாராம்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை மாதிரி எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் நேராக நான்காம் பகுதிக்குப் போய்விடலாம், அங்கே ஒரு பெரிய மனிதர் துணி துவைக்கும் அறைக்குள் நுழைகிறார்.

ஆரம்பத்தில் என் தங்கை நல்ல வழிகாட்டியாகத்தான் இருந்தாள், அதை மறைக்கக் கூடாது. புதன்கிழமைதோறும் அரை மணி நேரம் மெத்தைக்காரரோடு உட்கார்ந்தாள். கணினி முன்னால் இல்லை, கட்டடங்களுக்குள். கூட்டமான ஒரு மருத்துவமனை வாசலுக்கு அழைத்துப்போய், "இங்க நில்லுங்க சார். இப்ப உங்க அப்பாவை உள்ள சேத்திருக்காங்கன்னு வச்சுக்கங்க. பதறிக்கிட்டு வர்றீங்க. உங்க கண்ணு முதல்ல எங்க போகுது?" என்று கேட்டாள். பதறுகிறவர் நான்கு சொல்லுக்கு மேல் படிக்க மாட்டார் என்று அங்கேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இதை வகுப்பெடுத்துச் சொல்லியிருந்தால் 'சரிங்க மேடம்' என்று எழுதிக்கொண்டு மறந்திருப்பார்.*

வழிகாட்டுகிறவர் ஆசிரியர் இல்லை, மேலதிகாரியும் இல்லை. ஆசிரியருக்குப் பாடம் முடிய வேண்டும், மேலதிகாரிக்கு வேலை முடிய வேண்டும். வழிகாட்டுகிறவருக்கு அந்த ஆள் தன் காலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட எவ்வளவு நேரம் கொடுக்க முடியும் என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. [நான் யாருக்கும் வழிகாட்டியாக இருந்ததில்லை. அதனால்தான் இவ்வளவு தெளிவாகப் பேச முடிகிறது.]

பிறகு என்ன ஆனது என்றால், வேலை நெருக்கியது. புதன்கிழமை அரை மணி, 'நடந்துகிட்டே பேசிடலாம் சார்' ஆயிற்று. அது 'ஃபோன்ல சொல்லுங்க சார்' ஆயிற்று. ஃபோனும் போய், அவள் மேசைக்குப் பக்கத்தில் அவர் நின்று பேச, இவள் திரையைப் பார்த்தபடி தலையாட்டுவது என்கிற நிலைக்கு வந்து நின்றது. எந்த உறவும் கெட்டுப்போவது இப்படித்தான், சண்டை போட்டுக் கெட்டுப்போவது ரொம்பக் குறைவு.

* அந்த 'சரிங்க' கடைப் பழக்கம். மெத்தையில் படுத்துப் பார்க்கிற வாடிக்கையாளர் கல்லைப் பஞ்சு என்றாலும் 'சரிங்க', பஞ்சைக் கல் என்றாலும் 'சரிங்க'. "படுத்திருக்கிறவங்ககிட்ட வாதம் பண்ணக் கூடாது மேடம், எழுந்து போயிடுவாங்க" என்று ஒருமுறை தங்கையிடம் விளக்கியிருக்கிறார்.

4

புது மருத்துவமனை. பெண்கள் பகுதிக்கான பலகைகள் எல்லாம் மெத்தைக்காரர் பொறுப்பு. எல்லாம் அழகாக வந்தன, ஒன்றைத் தவிர. மூன்றாம் மாடியில், நடைபாதை நடுவில் தொங்கிய அந்தப் பலகையில் 'பிரசவப் பிரிவு' என்று இருந்தது. அதன் கீழே இடது பக்கம் ஓர் அம்பு. வலது பக்கம் ஓர் அம்பு.

திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர் பரிவாரத்தோடு லிஃப்டை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

கூட வந்த மருத்துவமனை நிர்வாகிக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "இப்படி வாங்க சார்" என்று கம்பீரமாக வலது பக்கம் கை காட்டினார். போனார்கள், போனார்கள், கடைசியில் ஒரு கதவைத் திறந்தார்கள். துணி துவைக்கும் அறை. உள்ளே போர்வை மடித்துக்கொண்டிருந்த அம்மாள், கத்தரிக்கோலும் கையுமாக நின்ற பெரிய மனிதரைப் பார்த்துவிட்டு, "இங்க யாருக்கும் குழந்தை பொறக்கலைங்க, போர்வைதான் இருக்கு" என்றார். பெரிய மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெட்டுவதற்கு ரிப்பன் இல்லை. போர்வை மூட்டையைக் கட்டியிருந்த நாடா இருந்தது. அதை வெட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

[நாடா வெட்டியது என் கைச்சரக்கு. தங்கை சொன்னதில் கத்தரிக்கோல் வரைக்கும்தான் உண்டு. ஆனால் ஒரு மனிதர் கத்தரிக்கோலோடு அவ்வளவு தூரம் நடந்துவிட்டு எதையும் வெட்டாமல் திரும்புவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.]

அதே நாள் சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து முதலாளிக்கு ஃபோன். அடுத்த கட்டடத்துக்கான வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். முதலாளி பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டதை எல்லாம் மறந்து கத்தினார். மெத்தைக்காரரின் சோதனைக் காலம் வேறு முடிகிற நேரம். "அந்த ஆளை வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா? நீதான் வழிகாட்டி. வெள்ளிக்கிழமை சொல்லு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார்.

பட்டாணி உரித்தபடி தங்கை எனக்குச் சொன்ன கதை இவ்வளவுதான். அவள் தெளிவாகச் சொல்லியும் அந்த மனிதர் தப்பாகப் புரிந்துகொண்டு இரண்டு அம்பு போட்டுவிட்டாராம். அதற்குத்தான் நாங்கள் அப்படிச் சிரித்தோம்.

5

எழுத உட்கார்ந்தால் இடித்தது.

மெத்தைக்காரர் என்கிற பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. கட்டடத்துக்குள் போய் நின்று பார்க்கிறவர். ஒவ்வொரு எழுத்தின் உயரத்துக்கும் அளவு பார்க்கிறவர். அப்படிப்பட்ட ஆள் எதற்காக ஒரே பலகையில் இரண்டு திசைக்கும் அம்பு போடுவார்? தூக்கக் கலக்கத்தில் போட்டார் என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. இடது வலது குழம்பிவிட்டது என்று எழுதிப் பார்த்தேன். அப்படியென்றால் ஓர் அம்பு தப்பான பக்கம் போயிருக்குமே தவிர இரண்டாகியிருக்காது. அவரை ஒரு மடையராகக் காட்டினால் கதை ஓடும், நன்றாகவே ஓடும், ஆனால்—

[இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் வியாழக்கிழமைவரை விட்டு வைத்தேன்.]

வியாழக்கிழமை வேலை முடிந்து தங்கை வந்தாள். குடை கையில்தான் இருந்தது, மறந்து வைத்த பொருளும் எதுவும் இல்லை. சும்மாதான் வந்தேன் என்றாள். சும்மா வருகிற ஜாதி இல்லை அவள்.

"கதை முடிஞ்சிடுச்சா?"

"முடிவு மட்டும் பாக்கி. படிக்கிறேன், கேளு."

முதல் முடிவைப் படித்தேன். அதில் வழிகாட்டியும் மெத்தைக்காரரும் சேர்ந்து டீ குடிக்கிறார்கள், தவறுகளே நம் ஆசான்கள் என்று அவள் சொல்ல அவர் கண் கலங்குகிறார், முதலாளி கதவருகே நின்று புன்னகைக்கிறார்.

"நல்லா இருக்கு. காலண்டர்ல போடலாம்" என்றாள். "வேற?"

இரண்டாவது முடிவில் அவர் வேலையிலிருந்து அனுப்பப்படுகிறார். சொந்தமாக மெத்தைக் கடை திறக்கிறார். திறந்து வைக்க அதே பெரிய மனிதர் வருகிறார், அதே கத்தரிக்கோலோடு. இதற்கு அவள் கட்டாயம் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற இல்லையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னடி வேற வேறன்னு? இது என்ன புடவைக் கடையா? அந்த மனுஷன் ஏன் ரெண்டு அம்பு போட்டாருன்னு நீ ஒழுங்காச் சொன்னா நானும் ஒழுங்கா முடிப்பேன். நீ அவருகிட்ட என்ன சொன்ன? அதே வார்த்தையில சொல்லு."

"சரின்னு சொன்னேன்."

"எதுக்குச் சரின்ன?"

"அதான் அக்கா எனக்குத் தெரியலை."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த நடைபாதையில் லிஃப்டும் படிக்கட்டும் எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் பலகை. லிஃப்டில் இறங்குகிறவருக்குப் பிரசவப் பிரிவு இடது பக்கம். படியேறி வருகிறவருக்கு அதே பிரிவு வலது பக்கம். இது கட்டட வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது, போய் நின்றால்தான் தெரியும். மெத்தைக்காரர் போய் நின்று பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வந்து தங்கையின் மேசையருகே நின்று கேட்டிருக்கிறார்: "மேடம், அந்தப் பலகை யாரைப் பாத்து இருக்கணும்? லிஃப்ட்டையா, படிக்கட்டையா?"

என் தங்கை திரையைப் பார்த்தபடி, "சரி" என்றிருக்கிறாள்.

6

தமிழில் இந்தச் 'சரி'யைப் போல் ஒரு சொல் கிடையாது. ஒப்புக்கொண்டாலும் சரி, ஒப்புக்கொள்ளாமல் பேச்சை முடிக்க வேண்டும் என்றாலும் சரி. விடை சரி. உடம்பு சரியில்லை. 'சரி சரி' என்று இரண்டு தடவை சொன்னால் ஆளை விடு என்று அர்த்தம். 'சரி, அப்புறம்?' என்றால் மேலே சொல் என்று அர்த்தம். என் அம்மா 'சரீ' என்று இழுத்தால் வீட்டில் எல்லாரும் வேறு அறைக்குப் போய்விடுவோம். பிறந்ததிலிருந்து இதையே பேசி வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி.

தங்கை சொன்ன 'சரி', நீ பேசுகிற சத்தம் காதில் விழுகிறது என்கிற சரி. மெத்தைக்காரர் கேட்டுக்கொண்ட 'சரி', உத்தரவு. வாடிக்கையாளர் என்ன சொன்னாலும் அதற்குள் ஒரு பொருள் கண்டுபிடித்தே பழகியவர் அவர். லிஃப்ட்டா படிக்கட்டா என்றால் சரி. அப்படியென்றால் இரண்டும் சரி. இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும் என்கிறார் மேடம். போட்டுவிட்டார், இரண்டு அம்பு. எனக்கு அவரை இப்போது முழுசாகப் புரிந்துவிட்டது. கதாசிரியையாக எனக்கு அதில் சந்தோஷம்கூட வந்தது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன்.

"வெட்டறதுக்கு முன்னாடி நீ பாக்க மாட்டியா?" என்று கேட்டேன்.

"அவரோடதை இப்பல்லாம் நான் பாக்கறதில்லை. நல்லா பண்றாரு."

"அதை அவருகிட்ட எப்பவாவது சொல்லியிருக்கியா?"

"எதை?"

"நல்லா பண்றீங்கன்னு."

அதை விட்டுவிட்டு அவள் பலகைக்குப் போனாள். "முன்பக்கம் ஒரு அம்பு, பின்பக்கம் எதிர்த் திசையில ஒரு அம்பு போட்டிருந்தா போதும். பலகைக்கு ரெண்டு முகம் இருக்குல்ல? நான் நிமிந்து பாத்து ஒரு வார்த்தை பேசியிருந்தா அவரே சொல்லியிருப்பாரு. எனக்கே அந்த இடத்துல அப்படி ஒரு சிக்கல் இருக்குன்னு தோணலைக்கா. எனக்குத் தோணாததை அவரு கண்டுபிடிச்சுக்கிட்டு வந்து கேட்டிருக்காரு."

"சரி, முதலாளிகிட்ட யாரு என்ன சொன்னீங்க?"

"அவரு சொன்னாரு. 'மேடம் சரியாத்தான் சொன்னாங்க சார், நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்'னு."

"நீ?"

"பக்கத்துல நின்னேன்."

அவள் அழவில்லை. அழுகிறவளும் இல்லை. சமையலறை மேசைத் துணியின் ஓரத்தை மடித்து மடித்து விட்டுக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் தன் வேலையைக் கொண்டுபோய் இவள் பேருக்காகப் பணயம் வைத்துவிட்டார், இவளும் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். அதோடு விடாமல் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். சிரித்தது நானும்தான். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைடி."

"தெரியும். அதான் வந்தேன். என்ன சொல்லணும்னு நீ எழுதிக் குடு."

[அருமை வாசகரே, கதையின் பாத்திரம் கதாசிரியையிடம் வந்து வசனம் கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை.]

7

எழுதினேன். எழுதச் சொன்னால் விடுவேனா?

"மதிப்புக்குரிய ஐயா, வழிகாட்டி என்கிற பொறுப்பை ஏற்ற ஒருவர், தன்னை நம்பி வந்தவரின் ஐயத்தைச் செவிமடுக்கத் தவறும்போது—"

"செவிமடுக்கவா? முதலாளி எனக்குக் காய்ச்சல்னு நெனப்பாரு" என்று அந்த வரியை அடித்தாள்.

"வேலைப் பளுவின் காரணமாக—"

"அது சாக்கு. எல்லாருக்கும்தான் வேலை இருக்கு." அடித்தாள்.

"இருவர் பக்கமும் சிறு தவறு—"

"என்ன தவறு அவரு பண்ணாரு?"

"ரெண்டு அம்பு போட்டாரே."

"நான் சொல்லித்தானே போட்டாரு?" அடித்தாள். அவள் கறார் என்பதை எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து அனுபவித்தேன். பத்தி பத்தியாக எழுதியதை எல்லாம் அடித்துத் தள்ளிவிட்டுப் பேனாவை என் கையிலிருந்து வாங்கினாள். என்னமோ எழுதப் போகிறாள் என்று பார்த்தால் எழுதவில்லை. மூடிவைத்துவிட்டு வாயால் சொன்னாள்.

"அவரு கேட்டாரு. நான் கேக்கலை."

நான் இருபது வருஷமாக எழுதுகிறேன். இதற்குமேல் சேர்க்க எனக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

"இது போதுமா அக்கா?"

"போதும்."

"பயமா இருக்கு."

"இருக்கட்டும். சொல்லிட்டு வா."

8

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. இந்தப் பகுதிக்கு இரண்டு தொடக்கம் எழுதி இரண்டையும் கிழித்தேன். என்ன நடந்தது என்று தெரியாமல் என்னத்தை எழுதுவது? மத்தியானம் ஃபோன் வந்தது. அலுவலக நடைபாதையில் நின்று பேசினாள், பின்னால் பலகை வெட்டும் இயந்திரத்தின் சத்தம்.

"சொல்லிட்டேன்கா."

"என்ன சொன்னாரு?"

"நேரா அவரை உள்ள கூப்பிட்டாரு. 'இவங்க இப்படிச் சொல்றாங்க, நீங்க அப்படிச் சொன்னீங்க, எது நிஜம்?'னு கேட்டாரு."

"ம்ம்."

"அவரு என்னைப் பாத்து 'இல்லைங்க மேடம்'னுட்டாரு."

"என்ன இல்லை?"

"நான் சொன்னது இல்லையாம். வந்த நாள்லேருந்து அவரு வாயில இல்லைங்கிற வார்த்தை வந்ததே கிடையாதுக்கா. இன்னிக்கு முதலாளி முன்னாடி சொல்றாரு. 'மேடம் பெரிய மனசுல சொல்றாங்க சார். அவங்க சரின்னது நிஜம்தான். ஆனா அவங்க கவனிக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் நான் மறுபடி கேக்கலை. தொந்தரவு பண்ண வேண்டாம்னு நானே ஒரு அர்த்தம் பண்ணிக்கிட்டேன். அது என் தப்புதான்'னு."

"நீ என்ன சொன்ன?"

"'சார், நீங்க சும்மா இருங்க'ன்னேன். 'இருக்க மாட்டேன் மேடம்'னாரு. சண்டையே வந்துடுச்சுக்கா. மறுபடி கேக்க முடியாத மாதிரி உக்காந்திருந்தது நான்தானேன்னு நான், கேக்க வேண்டியது என் வேலைன்னு அவரு. முதலாளி ரெண்டு பேரையும் வெளிய நிக்கச் சொல்லிட்டாரு. யோசிச்சுக் கூப்பிடறாராம்."

"கூப்பிட்டு என்ன சொல்வாருன்னு தோணுது?"

அவள் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. "மேடம், ஒண்ணு சொல்லணும்" என்றது. மெத்தைக்காரர். நான் அவர் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் எழுதி வைத்திருந்த குரல் இல்லை அது, கனமான குரல்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் தங்கை, பழக்க தோஷத்தில். ஒரு கணம்தான். உடனே என்னிடம், "அக்கா, நான் வைக்கிறேன். அவரு ஏதோ சொல்றாரு" என்றாள். வைத்துவிட்டாள்.

அதனால் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன், இந்த ஒரு விஷயத்தை என்னிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு இப்போது தெரியும். முடிவு எழுத என்னால் ஆகவில்லை. மூன்றாவதாக ஒன்று பாதி எழுதினேன், அதில் முதலாளி எழுந்து நின்று—

[வேண்டாம். அவருக்கு வசனம் எழுத நான் யார்?]

வாசகரே, நீங்கள் போய் அவர் இடத்தில் உட்காருங்கள். முதலாளியின் நாற்காலி கொஞ்சம் ஆடும், மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். மேசையில் ஆறிப்போன டீயும் மருத்துவமனையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அந்தப் பலகையும் இருக்கின்றன. கைநழுவிப் போன ஒரு கட்டடத்து வேலையும் உங்கள் மனதில் இருக்கும், அதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள், பட்டறையில் எல்லாருக்கும் சம்பளம் போட வேண்டியவர் நீங்கள். கதவுக்கு வெளியே இரண்டு பேர் நிற்கிறார்கள். மெத்தைக்காரரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என்ன வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள். ஆனால் இப்போதே கூப்பிட்டுவிடாதீர்கள், அவர் பேசி முடிக்கட்டும்.